தற்காலிக மறதிக்கு ஸ்பெக்டா, எம்.ஆர்.ஐ.யா?

பெரியம்மாவுக்கு ஒருநாள் காலமை திடீரென்று மறதி. "இண்டைக்கு என்ன கிழமை?" என்று திரும்பத் திரும்பக் கேட்டா. எங்களையெல்லாம் அடையாளம் தெரிஞ்சது, பேச்சும் நடையும் வழமைபோல. பின்னேரத்துக்குள் தெளிஞ்சிட்டா. டொக்டர் சொன்ன பெயர் ட்ரான்சியன்ட் குளோபல் அம்னீசியா. பெரும்பாலும் 50 வயதுக்கு மேல் வரும். 24 மணித்தியாலத்துக்குள் போய்விடும்.

இரத்தக்கசிவு இல்லையென்று பார்க்கிற சாதாரண சி.டி. எப்படியும் எடுக்கத்தான் வேணும். அதற்குப் பிறகுதான் கேள்வி: மூளையின் இரத்த ஓட்டத்தைக் காட்டுகிற ஸ்பெக்ட் ஸ்கேனா, காந்தத்தால் படமெடுக்கிற எம்.ஆர்.ஐ.யா? நாங்கள் எடுத்தது எம்.ஆர்.ஐ. வன்னியில் இருக்கிற ஆக்களுக்கு அதுதான் தோது என்பது என் கட்சி.

காரணம் நேரம். ஸ்பெக்டில் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தை ஊசியால் ஏற்றுவார்கள். அது சில நிமிடத்தில் மூளையில் படிந்து நின்றுவிடும். படத்தைப் பிறகு ஆறுதலாக எடுக்கலாம். ஆனால் படத்தில் தெரிவது ஊசி போட்ட நேரத்து இரத்த ஓட்டம். மறதி இருக்கும்போதே ஊசி ஏறினால்தான் பிரயோசனம். மருந்தின் அரை ஆயுளும் (கதிரியக்கம் பாதியாகக் குறைகிற நேரம்) 6 மணித்தியாலந்தான். வாங்கி அடுக்கி வைக்கிற சாமான் இல்லை. வன்னியின் புதுக்குடியிருப்பிலிருந்து ஸ்பெக்ட் எடுக்கப் பேராதனைக்குப் போய்ச் சேரமுன் ஆளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடும்.

எம்.ஆர்.ஐ.யின் டிஃபியூஷன் படம் இதற்கு நேர்மாறு. முதல் சில மணித்தியாலங்களில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. 24 முதல் 72 மணித்தியாலத்துக்குள் எடுத்தால், ஞாபகத்தைப் பதிகிற மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் நெல்மணியிலும் சின்னதாக, 1 முதல் 5 மில்லிமீற்றர் அளவில், வெள்ளைப் புள்ளி தெரியக்கூடும். பரந்தன் வீதியால் ஆறுதலாகப் போனாலும் காலம் பிந்தாது. (பொறுக்கலாம் என்பது இந்தப் படத்துக்கு மட்டும். ஆளை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ, பக்கவாதமாகவும் இருக்கலாம்.)

டிஃபியூஷன் காட்டுவது இரத்த ஓட்டத்தை அல்ல, திசுவில் நீர் அசையும் விதத்தை. ஓட்டத்தையே பார்க்க வேணுமென்றால் ஸ்பெக்ட்தான் தோது. அதிலும் முடிவுகள் ஒரேமாதிரி வருவதில்லை: சிலருக்குக் குறைவு, சிலருக்கு மாற்றமில்லை. சி.டி.யாலேயே இரத்த ஓட்டம் பார்க்கிற சி.டி. பெர்ஃபியூஷன் கெதியில் முடியும். ஆனால் அயடின் மருந்து ஏற்றவேணும். சிறுநீரக வருத்தம் இருந்தால் முதலே சொல்லுங்கோ.

எம்.ஆர்.ஐ.க்கு எங்கட பக்கத்தில் பெரிய இடைஞ்சல் போரில் வெடித்த செல்லின் (ஷெல்லின்) இரும்புத் துண்டு உடம்பில் இருப்பது; மெஷின் காந்தமல்லோ. பெரியம்மாவுக்கு இல்லாதபடியால் அந்த அனுபவம் எனக்கில்லை. சதைக்குள் கிடக்கிற பழைய துண்டோடும் சிலருக்கு எடுக்கிறார்கள். கண்ணுக்குள், முள்ளந்தண்டுக்குக் கிட்ட என்றால் கதை வேறு. பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு கொண்டுபோய், மெஷினுக்குள் போகமுன் காட்டுங்கோ.