பட்டனுக்குப் பின்னால் மக்ரோவா, கோட்டா? நெல் ஆலைக் கணக்கில் பத்து வருடத்துக்கு மேலான அனுபவம்

காலபோக அறுவடை நேரத்தில் பரந்தன் பக்கம் ஏ9 வீதியால் போனவர்களுக்குத் தெரியும், நெல் ஆலைகளின் வாசலில் உழவு இயந்திரங்களும் லான்ட்மாஸ்டர்களும் எப்படி நிரை கட்டி நிற்கும் என்று. அப்படியான ஓர் ஆலையின் நெல் வரவையும் விவசாயிகளின் கணக்கையும் 2013 முதல் மைக்ரோசொப்ட் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் பார்த்து வருகிறேன். மூடை, நிறை, ஈரப்பதம், விலை எல்லாம் ஒரே படிவத்தில். ஈரப்பதம் 14 வீதத்தைத் தாண்டினால் விலை மாறும். நிரையில் நிற்பவருக்குப் பற்றுச்சீட்டு உடனே கையில் கிடைக்க வேண்டும். அதனால் எங்கள் வேலை முழுக்கப் பட்டன்களில்தான் தங்கியிருக்கிறது.

பட்டனை அமத்தினால் நடக்க வேண்டியதை இரண்டு விதமாகக் கொடுக்கலாம்: அக்சஸ் தரும் கட்டளைகளைத் தெரிந்து அடுக்கினால் மக்ரோ, விபிஏ என்ற நிரல்மொழியில் எழுதினால் கோட். தொடக்கத்தில் எல்லாப் பட்டனும் மக்ரோதான். அதை நான் யோசித்துத் தெரிவு செய்யவில்லை. படிவத்தில் ஒரு பட்டனை வைத்தால் படிப்படியாகக் கேட்டு அமைத்துத் தரும் விசார்ட், அக்சஸ் 2007 இலிருந்து விபிஏ கோட்டுக்குப் பதிலாக, பட்டனோடேயே சேர்ந்திருக்கும் எம்பெடட் மக்ரோவைத்தான் எழுதித் தருகிறது. அதுவே போதுமாக இருந்தது. படிவத்தைத் திற, மூடு, அறிக்கையை அச்சடி என்ற வேலைகளுக்கு மக்ரோவில் இன்றைக்கும் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. பட்டனைக் கொப்பி பண்ணி வேறு படிவத்தில் ஒட்டினால் மக்ரோவும் கூடவே வரும். கோட் எழுதிய பட்டனைக் கொப்பி பண்ணினால் பட்டன் மட்டும்தான் வரும், கோட் பழைய படிவத்திலேயே இருந்துவிடும்.

சிக்கல் தொடங்கியது "வரவு பதி" என்ற பட்டனில். அதை அமத்தினால் இரண்டு வேலை நடக்க வேண்டும்: களஞ்சிய இருப்பில் நெல் கூட வேண்டும், விவசாயியின் கணக்கில் தொகை ஏற வேண்டும். இரண்டுக்கும் இரண்டு குவெரி (பதிவுகளை மாற்றும் கட்டளை), ஒரே மக்ரோவில். ஒவ்வொரு குவெரிக்கும் "இத்தனை பதிவுகளை மாற்றப்போகிறீர்கள், சரியா?" என்று அக்சஸ் கேட்டுக்கொண்டே இருந்ததால், மக்ரோவின் தலையில் செட்வார்னிங்ஸ் என்ற கட்டளையைப் போட்டுக் கேள்விகளை நிறுத்தியிருந்தேன். ஒரு போகம் நன்றாகவே ஓடியது.

அடுத்த போகத்தில் ஒரு ஐயா பற்றுச்சீட்டோடு காசு வாங்க வந்தார். கணக்கில் அவருடைய தொகை இல்லை. "தம்பி, நெல்லு உங்கட ஸ்டோரில கிடக்கு, காசு மட்டும் எங்க போனது?" என்று கேட்டார். இருப்பில் அவருடைய மூடைகள் ஏறியிருந்தன, கணக்கில் ஒன்றுமில்லை. அன்றிரவு இருந்து பழைய பற்றுச்சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது இன்னும் சில பேருக்கும் அப்படி நடந்திருந்தது. திருத்திக்கொண்டிருக்கும் பதிவைப் பூட்டும்படி படிவத்தை அமைத்திருந்தோம். மற்றக் கணினியில் ஒருவர் அந்த விவசாயியின் பதிவில் கை வைத்திருந்த நேரம் பார்த்து இங்கே பட்டனை அமத்தினால், இரண்டாவது குவெரி அந்தப் பதிவைத் தொட முடியாமல் விட்டுவிடும். வழமையாக அக்சஸ் அதைச் சொல்லும். செட்வார்னிங்ஸ் அந்த அறிவிப்பையும் சேர்த்து விழுங்கிவிட்டது. அந்த ஐயாவின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சரி, கோட்டுக்கு மாறுவோம் என்று முடிவெடுத்தேன். படிவத்தை அதன் அமைப்பைத் திருத்தும் டிசைன் வியூவில் திறந்தால் மக்ரோக்களை விபிஏ ஆக மாற்றித் தரும் பட்டன் ஒன்று அக்சஸிலேயே இருக்கிறது. சில நொடி வேலை. திரும்பி வர வழி இல்லை, கோட்டை மக்ரோவாக்கும் வசதி எதுவும் கிடையாது. ஆகவே கோப்பை முதலில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றி இரண்டு நாள் கழித்து, பதிவு செய்கிற தங்கச்சி வந்து சொன்னாள்: "அண்ணா, டிலீட் அடிச்சா முந்திக் கேக்கும்தானே, இண்டைக்கு ஒண்டும் கேக்காமலே அழிஞ்சிட்டுது."

மக்ரோவில் செட்வார்னிங்ஸை நிறுத்தினால், மக்ரோ முடிந்ததும் அக்சஸ் தானாகவே அதைத் திரும்பப் போட்டுவிடும். அந்த நம்பிக்கையில் நான் முடிவில் எதுவும் எழுதவில்லை. விபிஏயில் அப்படி இல்லை. நாமே திரும்பப் போடாவிட்டால் அக்சஸை மூடும் வரைக்கும் எச்சரிக்கைகள் நின்றே இருக்கும். மாற்றிக் கொடுக்கும் வசதி வரிக்கு வரி சரியாகத்தான் மாற்றியது, மக்ரோ சொல்லாமலே செய்துகொண்டிருந்த வேலை மட்டும் விடுபட்டது. காலையில் முதல் நெல் வரவைப் பதிந்த கணத்திலிருந்து அந்தக் கணினியில் எதை அழித்தாலும் கேள்வி வரவில்லை. உங்கள் மக்ரோக்களிலும் செட்வார்னிங்ஸ் இருந்தால், மாற்றிய உடனே அந்த வரிகளைத் தேடிப் பாருங்கள்.

நான் அந்த வரியையே எடுத்துவிட்டேன். இப்போது "வரவு பதி" பட்டனில் முதலில், இனி வரும் மாற்றங்களை ஒன்றாகக் கட்டும் பிகின்ட்ரான்ஸ், பிறகு இரண்டு குவெரியும் அவற்றை ஓட்டும் எக்ஸிகியூட் மூலம், பிழை வந்தால் நிறுத்தச் சொல்லும் டிபிஃபெயில்ஒன்எரர் என்ற தெரிவோடு. எக்ஸிகியூட் கேள்வி கேட்காது, ஆனால் பிழை வந்தால் மறைக்காது. இரண்டும் சரியென்றால் கொமிட்ட்ரான்ஸ் இரண்டையும் பதிந்துவிடும், ஒன்று தவறினாலும் ரோல்பேக் இரண்டையும் பழையபடி ஆக்கிவிடும். இருப்பு ஏறி, கணக்கு ஏறாமல் நிற்கிற பதிவை அதன் பிறகு நான் காணவில்லை. இரண்டு குவெரியை இப்படி ஒன்றாகக் கட்டிவைக்க மக்ரோவில் வழியில்லை, கோட்டுக்கு மாற எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

கோட்டில் எனக்குக் கவலை தந்தது தமிழ். விபிஏ எடிட்டரில் தமிழில் தட்டினால் கேள்விக்குறிகள்தான் வரும். "நெல் வரவு பதியப்பட்டது" என்று மக்ரோவின் செய்திப் பெட்டி அழகாகக் காட்டியதை கோட்டில் எழுதவே முடியவில்லை. எழுத்துகளை எண்களாகக் கொடுத்தாலும் விபிஏயின் செய்திப் பெட்டியான எம்எஸ்ஜிபொக்ஸ் தமிழைக் காட்டாது. ஆங்கிலத்தில் எழுதி விட்டிருக்கலாம். ஆனால் அந்தத் திரையைப் பார்த்து வேலை செய்கிறவர்கள் தமிழில் வேலை செய்கிறவர்கள், பிழை வந்தால் என்ன பிழை என்று அவர்களுக்கு விளங்க வேண்டும். செய்திகளை எல்லாம் ஓர் அட்டவணையில் எழுதி, எண்ணைக் கொடுத்தால் அதை எடுத்து ஒரு சின்னப் படிவத்தின் லேபிளில் காட்டும்படி செய்தேன். அதற்கு ஒரு மாலை நேரம் போனது, முழுக்கத் தகும்.

இன்னொன்று, பட்டனின் பெயரைப் பிறகு மாற்றினால் கோட் அதிலிருந்து கழன்றுவிடும். கோட் அழியாது, பழைய பெயரிலேயே கிடக்கும், பட்டன்தான் வேலை செய்யாது. பெயரை முதலில் வைத்துவிட்டுக் கோட்டை எழுதுங்கள்.

போன வருடம் புதுக் கணினி ஒன்று வாங்கிக் கோப்பை அதில் திறந்தபோது, மக்ரோ பட்டன்கள் வேலை செய்தன, கோட் பட்டன்கள் அசையவில்லை. கோப்பு இருந்த இடம் நம்பிக்கையான இடமாக அக்சஸில் பதியப்படாததுதான் காரணம். அக்சஸின் பாதுகாப்பு அமைப்புகள் இருக்கும் டிரஸ்ட் சென்டரில் அந்த ஃபோல்டரைச் சேர்த்ததும் சரியானது. இப்போது காசையும் இருப்பையும் தொடுகிற பட்டன்கள் எல்லாம் கோட். திறப்பதும் மூடுவதும் அச்சடிப்பதும் 2013 இல் விசார்ட் எழுதித் தந்த அதே மக்ரோக்கள்.