பயாஸ் செட்டிங்: கையாலா, ஸ்கிரிப்டாலா?

தண்டையார்பேட்டை ஆபீசுக்கு ஒரே மாடலில் எட்டு சர்வர் வந்தன. முதல் மூன்றில், ஃபேன் இரைச்சலுக்கு நடுவே மானிட்டர் மாட்டி, எஃப்2 தட்டி, பயாஸை (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) கையாலேயே அமைத்தேன். ஒன்றிரண்டு மெஷினுக்கு இது போதும். மூன்றாவதில் பவர் புரொஃபைலை (மின்சாரத்தை மிச்சப்படுத்துவதா, வேகமாக ஓடுவதா என்ற செட்டிங்) மாற்ற மறந்துவிட்டேன்; அது மட்டும் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று தேடியே இரண்டு நாள் போனது.

மூன்றைத் தாண்டினால் ஸ்கிரிப்ட்தான் (கட்டளைகளை எழுதிவைத்துத் தானாக ஓடவிடுவது) சரி. அதற்கான கட்டளைக் கருவி டெல் சர்வரில் ராக்ஆடம், எச்பிஇ சர்வரில் கான்ரெப். சரியாக அமைத்த மெஷினின் செட்டிங்கை எக்ஸ்எம்எல் ஃபைலாக எடுத்து மற்றதில் ஏற்றி, ரீபூட் செய்ய வேண்டும். பயாஸ் பதிப்பு ஒன்றாக இருக்கட்டும். டெல் ஃபைலை மட்டும் திறந்து பார்க்காமல் ஏற்றாதீர்கள்: ஐடிராக்கின் (டெல் சர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் பகுதி) ஐபி முகவரியும் கூடவே வந்து, இரண்டு சர்வர் ஒரே முகவரிக்கு மோதலாம். ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் அமைப்பு) வரிகளையும் நீக்குங்கள். டிஸ்க்கில் இருக்கும் டேட்டா அழிந்துபோகலாம்.