கம்பமெட்டு ஏத்தத்தில் இழுக்காத ஜீப்பும் மாற்றப்படாத நான்கு இன்ஜெக்டரும்

இடுக்கிப் பக்கம் பழைய டீசல் ஃபோர் வீல் ஜீப் வாங்கப் போகிறவர்களும், வாங்கிவிட்டு "ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது" என்று ஷெட்டு ஷெட்டாக அலைகிறவர்களும் இதை முழுக்கப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 96,500 ரூபாய். உண்மையான கோளாறைச் சரிசெய்ய ஆனது 2,900 ரூபாய்.

எனக்கு ஊர் கம்பம். வண்டன்மேட்டுப் பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம் குத்தகைக்குப் பார்க்கிறேன். உர மூட்டை ஏற்றவும் மழைக்காலத்தில் தோட்டத்துச் சேற்றில் ஏறி இறங்கவும் ஃபோர் வீல் இல்லாமல் முடியாது. போன மார்ச்சில் கட்டப்பனையில் ஒரு புரோக்கர் மூலமாக 2013 மாடல் ஜீப் ஒன்றை வாங்கினேன். 2.5 லிட்டர் காமன் ரெயில் டீசல், அதாவது அதிக அழுத்தத்தில் டீசலைத் தேக்கும் 'ரெயில்' என்ற ஒரே குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகிற வகை. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், குறை கம்பெனியுடையது இல்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டவுனுக்குள் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு ஊருக்கு ஓட்டி வந்தேன். மலை உச்சியில் கேரள எல்லையில் இருக்கும் கம்பமெட்டுக்கு வந்துவிட்டால் கம்பம் வரைக்கும் முழுக்க இறக்கம். இன்ஜின் இழுக்கிறதா இல்லையா என்று இறக்கத்தில் எப்படித் தெரியும்? மேலே கேரளாவில் வண்டி வாங்கிக் கீழே கொண்டுவரும் நம்ம ஆட்கள் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அடுத்த வாரம் எட்டு மூட்டை உரமும், பின்னால் என் சின்னம்மாவும், வேலைக்கு வரும் மூன்று பேருமாக மெட்டு ஏறினேன். பாதி ஏத்தத்தில் வண்டி தளர ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினாலும் மூன்றாவது கியரில் போகவில்லை. இரண்டுக்கு மாற்றினால் ஒரு நிமிஷம் இழுக்கிறது, மறுபடி விடுகிறது, மறுபடி இழுக்கிறது. கொண்டை ஊசி வளைவில் பின்னால் ஒரு லாரி நெருங்கி வருகிறது, என் வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. சின்னம்மா "முருகா, முருகா" என்று முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஓரம் கட்டி நிறுத்தினேன். பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் செய்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி இழுக்கிறது! கொஞ்ச தூரம் போனதும் பழைய கதை. கரும்புகை வரவில்லை. வெறும் வண்டியாகக் கம்பம் டவுனுக்குள் ஓட்டினால் எந்தக் குறையும் இல்லை.

இந்த அடையாளங்களை மனதில் வையுங்கள். பாரத்தில்தான் விடுகிறது, புகை இல்லை, நிறுத்தி எடுத்தால் சரியாகிறது. இந்த மூன்றையும் சொன்ன உடனேயே நல்ல மெக்கானிக் எங்கே பார்ப்பார் என்பதை எனக்குப் பிறகுதான் ஒருவர் சொல்லிக்கொடுத்தார்.

நான் போனது மேலே ஒரு டவுனில் இருக்கும் பெரிய ஷெட்டுக்கு. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர் போட்டார்கள். பி 0087 என்று ஒரு பிழைக் குறியீடு வந்தது. "ரெயில் பிரஷர் குறவா அண்ணா. இன்ஜெக்டர் போயி. நாலும் மாத்தணும்" என்றார் ஓனர். இன்ஜெக்டர் என்றால் டீசலை இன்ஜினுக்குள் பீச்சுகிற பாகம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், சரி என்றேன். நான்கு இன்ஜெக்டர் 64,000 என்றார். வண்டியை எடுத்து ஏற்றிப் பார்த்தால் அதே தளர்ச்சி. திரும்பப் போனேன். "அப்போ டர்போவாணு" என்று, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போவுக்கு இன்னும் 23,500. கூலி, ஆயில், மற்றது 9,000. பழைய சாமானைக் கேட்டதற்கு, எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது என்றார். பில் கேட்டபோதெல்லாம் "குழப்பமில்ல அண்ணா, பின்னே தராம்." தந்தது ஒரு வெள்ளைத்தாளில் பேனாவால் எழுதிய கணக்கு. மூன்றாவது தடவை போனபோது ஹை பிரஷர் பம்பையே மாற்ற வேண்டும் என்றார். அன்றைக்குத்தான் சாவியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

உத்தமபாளையத்தில் பழைய கமாண்டர், மேஜர் ஜீப்பெல்லாம் பார்க்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் மகன் புதுவகை இன்ஜினும் பார்க்கிறார், ஸ்கேனர் வைத்திருக்கிறார். பெரியவர் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஏப்பா, நிறுத்திட்டு எடுத்தா சரியாகுதா?"

"ஆமாண்ணே, பத்து நிமிஷம் போதும்."

"அப்ப டேங்கைப் பாக்காம எதுக்குய்யா இன்ஜெக்டர் வரைக்கும் போனாங்க?"

பி 0087 என்றால் ரெயிலில் அழுத்தம் குறைகிறது என்று மட்டும்தான் அர்த்தம். ஏன் குறைகிறது என்று அந்தக் குறியீடு சொல்லாது. டேங்கிலிருந்து டீசல் போதுமான அளவு வராமல் இருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், குழாயில் ஏர் பிடிக்கலாம், பம்பிலோ அதன் வால்விலோ குறை இருக்கலாம், இன்ஜெக்டரிலிருந்து மிச்ச டீசல் திரும்பிப் போகிற ரிட்டர்னில் அதிகம் கசியலாம். மலிவானதிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவதுதான் வேலை. இன்ஜெக்டர் மேல் சந்தேகம் இருந்தால் நான்கின் ரிட்டர்ன் குழாயையும் நான்கு பாட்டிலில் விட்டு, இன்ஜினை சும்மா ஓடவிட்டு, எதில் அதிகம் நிரம்புகிறது என்று பார்த்தால் போதும். பத்து நிமிஷ வேலை. என் வண்டியில் நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. டர்போவோ அதன் காற்றுக் குழாயோ கிழிந்திருந்தால் காற்று குறைந்து பெரும்பாலும் கரும்புகை தள்ளும். புகையே இல்லாமல் இழுவை குறைந்தால், பெரும்பாலும் குறைவது காற்று இல்லை, டீசல்.

பிறகு அவர் செய்ததுதான் நான் எல்லோருக்கும் சொல்ல விரும்புவது. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசலை ஊற்றி, இன்ஜின் பக்கத்தில் அசையாமல் கட்டினார். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து ஃபில்டருக்கு உள்ளே ஓடுவது தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய் போட்டார். ரிட்டர்னையும் கேனுக்கே திருப்பினார். மகன் ஸ்கேனரோடு பக்கத்தில் உட்கார, மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறினோம். இன்ஜின் கேட்கிற அழுத்தமும் ரெயிலில் இருக்கிற அழுத்தமும் ஸ்கேனரில் ஒன்றையொன்று ஒட்டியே ஏறி இறங்கின. மூன்றாவது கியரில், ஒரு தடவைகூட விடாமல் உச்சிக்குப் போய்விட்டது. அதாவது பம்பு, இன்ஜெக்டர், டர்போ எதிலும் குறை இல்லை. குறை டேங்கிலோ, அங்கிருந்து ஃபில்டருக்கு வரும் வழியிலோதான்.

டேங்கை இறக்கினார்கள். உள்ளே உறிஞ்சு குழாயின் ஸ்ட்ரெய்னர் வலை முழுக்கக் கருப்பாக, கொழகொழவென்று பாசி மாதிரி ஒன்று அப்பியிருந்தது. அடியில் துரு. பாதி டேங்கோடு வண்டி மாதக்கணக்கில் மழை ஊரில் நின்றால், உள்ளே ஈரம் படிந்து அடியில் தண்ணீர் சேரும். டீசலும் தண்ணீரும் சந்திக்கிற இடத்தில் கிருமி வளர்ந்து இப்படிக் கழிவு உண்டாகும். ஏத்தத்தில் இன்ஜின் அதிகம் உறிஞ்சும்போது அது வலையில் வந்து ஒட்டிக்கொள்கிறது, நிறுத்தினால் கீழே விழுந்துவிடுகிறது. பத்து நிமிஷத்தில் வண்டி சரியானது இதனால்தான். போதாததற்கு ரப்பர் குழாய் இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. இந்த வகை இன்ஜினில் பம்பே டேங்கிலிருந்து டீசலை இழுப்பதால், அந்த வெடிப்பில் வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது, உள்ளே காற்றுதான் ஏறும்.

டேங்க் கழுவி, ஃபில்டர், குழாய், கிளிப் மாற்றிக் கூலியோடு 2,900.

வயிறு எரிந்தது அதற்குப் பிறகுதான். பெரியவரின் மகன் இன்ஜின் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது புது இன்ஜெக்டர்னு யார் சொன்னது?" என்றார். என் வண்டியில் உள்ள மாதிரி இன்ஜெக்டர்களின் தலையில் ஒவ்வொன்றுக்கும் தனி எண் பொறித்திருக்கும். புதிது போட்டால் அந்த எண்ணை வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். வாங்கிய அன்றைக்குத் திருப்பூரில் இருக்கும் மச்சானுக்குக் காட்ட, மூடியைத் திறந்து இன்ஜினைப் படம் எடுத்திருந்தேன். போனில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தோம். நான்கும் அதே எண்கள். 64,000 ரூபாய்க்கு ஒரு இன்ஜெக்டரைக்கூட மாற்றவில்லை.

வாங்கும் முன்னால் குளிர்ந்த இன்ஜினாகத்தான் பார்ப்பேன் என்று சொல்லுங்கள். ஆள் ஏற்றி, மெட்டு ரோட்டில் அரை மணி நேரம் ஏற்றிப் பாருங்கள், புரோக்கர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஃபில்டருக்கு முன்னால் கைப்பம்பு ரப்பர் குண்டு இருக்கிற வண்டியாக இருந்தால், ஏத்தத்தில் தளர்ந்த உடனே ஓரம் கட்டி அதைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே ஒட்டிச் சப்பிக் கிடந்தால் டேங்கிலோ அங்கிருந்து வரும் குழாயிலோ அடைப்பு. இன்னொன்று. பழைய ஜீப்பில் செய்கிற மாதிரி, ஓடும் இன்ஜினில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி மிஸ்ஸிங் (எந்த சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று) பார்க்க யாரையும் விடாதீர்கள். காமன் ரெயிலில் அழுத்தம் 1,000 பார் (அழுத்தத்தின் அலகு) அளவுக்கு மேல் போகும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

ஷெட்டு ஓனரிடம் படத்தைக் காட்டியபோது 20,000 தருகிறேன், படத்தை அழித்துவிடுங்கள் என்றார். முடியாது என்று வந்துவிட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஷெட்டு கேரளாவில் இருந்தாலும் நான் தேனியில் கொடுக்க முடிந்தது இதனால்தான். 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் கேட்டால் வழி சொல்வார்கள். பில் இல்லாத எனக்கு இப்போது கைகொடுப்பது ஜிபே-யில் அனுப்பிய கணக்கும், அந்த வெள்ளைத்தாளும், தேதியோடு இருக்கிற அந்தப் படமும். பணமாகக் கொடுத்த 30,000-க்கு என்னிடம் எந்தச் சாட்சியும் இல்லை.

வழக்கு நடப்பதால் ஷெட்டின் பெயரை எழுதவில்லை. கடந்த ஒன்றிரண்டு வருடத்தில் இன்ஜெக்டர் மாற்றியதாகப் பணம் கட்டியவர்கள், பழைய படம் ஏதாவது போனில் கிடக்கிறதா என்று இன்றைக்கே தேடி, இன்ஜெக்டர் தலையில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.