100 ‘வரை’ என்றார்கள், நான் 100 என்று கேட்டுக்கொண்டேன்

வீட்டு இணைய இணைப்புக்கான விளம்பரத் தாளில் ‘100 எம்பிபிஎஸ் வரை’ என்று அச்சாகியிருந்தது. எம்பிபிஎஸ் என்பது வினாடிக்கு எத்தனை மெகாபிட் என்று சொல்லும் வேக அளவு. 100 என்ற எண் கட்டைவிரல் கனத்தில், சிவப்பில். ‘வரை’ என்ற சொல் எறும்பு அளவில், சாம்பல் நிறத்தில். அந்த எறும்பு என்னை 11 மாதம் கடித்தது.

வீட்டுக்கு இணைய இணைப்பு வாங்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் அந்த ஒன்றை மட்டும் தவிர்த்துவிட்டு, இதே வாசகங்களை அச்சடித்திருக்கும் இன்னொரு நிறுவனத்திடம் போய்ப் பணம் கட்டுவீர்கள். பெயரைவிட அந்த வாசகங்கள்தான் ஆபத்தானவை.

புது வீட்டுக்கு மாறிய வாரம் அது. வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன் நான். இரண்டு நாளுக்குள் இணைப்பு வேண்டும் என்ற அவசரம். விற்பனைப் பிரதிநிதி வந்தார். “சார், இது ஃபைபர். டேட்டாவுக்கு வரம்பே கிடையாது. மோடம் இலவசம். ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் கூடுதலாகத் தருகிறோம்” என்றார். நான் அவரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “எப்போது வந்து போடுவீர்கள்?” ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆழம் எவ்வளவு என்று அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதியிருந்தது. நான் திருப்பிப் பார்க்கவில்லை.

மறுநாளே வந்து இணைத்தார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்குள் வந்தது தொலைக்காட்சிக் கேபிள் போன்ற தடித்த கறுப்புக் கம்பி. முனையில் திருகிப் பொருத்தும் உலோக வளையம். ஃபைபர் என்றால் நூல் போன்ற கண்ணாடி இழை, பச்சை அல்லது நீல நிற பிளாஸ்டிக் முனையோடு வரும் என்பது அன்று எனக்குத் தெரியாது. சில மாதம் கழித்துக் கேட்டபோது பழுதுபார்க்க வந்தவர் சொன்னார்: “ஃபைபர் தெருமுனைப் பெட்டி வரை வருகிறது சார்.” மறுபடியும் அதே ‘வரை’. பெட்டியிலிருந்து வீடுகளுக்கு உலோகக் கேபிள்தான்.

இந்தக் கலப்பு முறையே மோசம் என்று சொல்லவில்லை. ஒழுங்காகப் பராமரித்தால் அதிலும் நல்ல வேகம் கிடைக்கும். ஆனால் அதை ஃபைபர் என்று விற்றது பொய். அந்தப் பொய்யின் விளைவு எனக்கு இரண்டு வழிகளில் வந்தது.

முதலாவது, இரவு. மூன்றாவது வாரத்திலிருந்து இரவு 9 மணிக்கு மேல் எல்லாம் திணறத் தொடங்கியது. காணொளி நின்று நின்று ஓடும். அழைப்பில் எதிர்முனைக்காரரின் குரல் உடைந்து உடைந்து வரும். ஆத்திரத்தில் நான் கொடுத்த முதல் புகாரே தவறு. ‘100 என்று பணம் வாங்கிக்கொண்டு பகலில்கூட 12-க்கு மேல் தருவதில்லை’ என்று எழுதிவிட்டேன். நிறுவனம் சொல்லும் 100 என்பது மெகாபிட். கணினியின் பதிவிறக்கச் சாளரம் காட்டியது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அப்படிப் பார்த்தால் 100 எம்பிபிஎஸ் என்பது வினாடிக்கு 12.5 மெகாபைட், பகலில் எனக்குச் சரியாகவே வந்திருக்கிறது. வாடிக்கையாளர் சேவையில் இருந்த பெண் இதை மிகப் பொறுமையாக விளக்கினார். அதற்குப் பிறகு என் உண்மையான புகாரையும் அவர்கள் அதே பொறுமையோடு அணுகியதுதான் வினை.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். வைஃபையை அணைத்துவிட்டு, மோடத்திலிருந்து மடிக்கணினிக்கு நேரே கம்பி இழுத்து, இரண்டு வாரம் அளந்து எழுதினேன். ஒரு சாதாரண நாளின் கணக்கு, எம்பிபிஎஸ் அளவில், இது: காலை 6 மணிக்கு 94. பகல் 2 மணிக்கு 81. இரவு 9.30-க்கு 6.8. நள்ளிரவு 1 மணிக்கு 90. இதைப் பார்த்தால் சிறுபிள்ளைக்கும் புரியும்: கம்பியில் பழுதில்லை, கூட்டம்தான் அதிகம். ஒரே பெட்டியின் கொள்ளளவை அத்தனை வீடுகளும் பங்குபோடுகின்றன. எல்லோரும் வேலை முடித்துத் திரையைத் திறக்கும் நேரத்தில் ஆளுக்குக் கிடைப்பது துளிதான்.

சேவை மையத்துக்கு மட்டும் புரியவில்லை. ஒவ்வொரு முறையும் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள். பிறகு ஆள் அனுப்புவார்கள். வருகிறவர் காலை 11 மணிக்கு வருவார். அளந்தால் 90 காட்டும். ‘தீர்க்கப்பட்டது’ என்று எழுதிப் புகாரை மூடிவிட்டுப் போவார். நோய் இரவில், வைத்தியர் பகலில். இப்படி 7 புகார்கள் ‘தீர்க்கப்பட்டன’.

நடுவில் ஒருவர், “உங்கள் வைஃபைதான் கோளாறு” என்று அடித்துச் சொன்னார். என் நோட்டுப் புத்தகத்தை மீறி நானே அதை நம்பிப் புது ரூட்டர் ஒன்று வாங்கினேன் என்பதை இங்கே வெட்கத்தோடு பதிவு செய்கிறேன். வைஃபையால் வேகம் குறைவது உண்டுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் அவற்றில்தான் நெருக்கியடிக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டத் திணறும். ஆனால் கம்பியில் அளந்தபோதே 6.8 என்றால் வைஃபை என்ன பாவம் செய்தது? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அடுத்து, “எங்கள் தளத்தில் மட்டும் அளந்து பாருங்கள், மற்றவை சரியாகக் காட்டாது” என்றார்கள். அதே இரவில் அவர்கள் தளத்தில் 60 காட்டியது. ஒரு கணம் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. பிறகுதான் விளங்கியது: அந்தச் சோதனைக்கான சர்வர் அவர்களுடைய வலையமைப்புக்குள்ளேயே இருக்கிறது. நான் பார்க்க விரும்புகிற எதுவும் அங்கே இல்லை. அதே நிமிடத்தில் நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட்.காம் தளத்தில் 5 காட்டியது. அது நெட்ஃபிளிக்ஸின் சொந்த சர்வர்களிலிருந்து அளப்பது. ஸ்பீட்டெஸ்ட் தளத்திலும் தானாகத் தேர்வாகும் சர்வரை விட்டுவிட்டு வேறொன்றை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அப்போதும் 5, 6தான். ‘கூட்டமே இல்லை’ என்று சேவை மையத்து நிபுணர் ஒருவர் சொல்லியிருந்தார். அந்தக் கதையும் அன்று முடிந்தது. காலையில் 94 வந்த கம்பியில் 60 என்றால் பெட்டியிலும் நெருக்கடி. அந்த 60 வெளியே 5 ஆகிறது என்றால், அவர்கள் வலையமைப்பை விட்டு வெளியேறும் வாசலில் அதைவிடப் பெரிய நெருக்கடி.

உண்மையைச் சொன்னவர் ஒரே ஒருவர், கம்பி மாற்ற வந்த மூத்த பணியாளர். படியிறங்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இந்தப் பெட்டியில் வீடுகள் அதிகமாகிவிட்டன சார். இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று மேலே எழுதிக் கொடுத்து ஆறு மாதமாகிறது.” அப்படியென்றால் எனக்கு விற்றபோதே அவர்களுக்குத் தெரியும். அந்த மனிதர்மேல் எனக்குக் கோபமே இல்லை.

இரண்டாவது, பதிவேற்றம். வாங்கும்போது அதைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இத்தகைய கேபிளில் வீட்டிலிருந்து வெளியே போகும் பாதைக்கு ஒதுக்கப்படும் அலைவரிசை, உள்ளே வருவதைவிடப் பொதுவாக மிகக் குறுகலானது. எனக்குக் கிடைத்தது 3 எம்பிபிஎஸ். 2 ஜிகாபைட் கோப்பு ஒன்றை அலுவலகத்துக்கு அனுப்ப ஒன்றரை மணி நேரம். அதற்குள் யாராவது காணொளி அழைப்பில் உட்கார்ந்தால் இருவருக்கும் சண்டை. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் முக்கியம். விளம்பரத் தாளில் இந்த எண் எங்கேயும் இல்லை.

‘வரம்பே இல்லாத டேட்டா’ பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. பின்பக்கத்தில் ‘நியாயமான பயன்பாட்டுக் கொள்கைக்கு உட்பட்டது’ என்று இருந்தது. அதற்கு அர்த்தம், மாதம் 500 ஜிகாபைட் தாண்டினால் வேகம் 1 எம்பிபிஎஸ். இணைப்பு அறுந்துபோகவில்லை அல்லவா, ஆகவே வரம்பில்லையாம். நெட்ஃபிளிக்ஸில் 4கே படம் மணிக்கு 7 ஜிகாபைட் வரை இழுக்கும். ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம் பார்த்தாலே மாதக் கணக்கு முடிந்தது. எங்களுக்கு 24-ஆம் தேதி வாக்கில் முடியும்.

வாசலில் பொருத்திய கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க முயன்றபோது இன்னொன்று தெரிந்தது. எங்கள் வீட்டுக்கென்று தனிப் பொது ஐபி முகவரியே, அதாவது வெளியிலிருந்து இணையம் வழியாக வீட்டை எட்ட உதவும் எண்ணே, கிடையாது. ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலகப் பொது இருப்பு 2011-லேயே தீர்ந்துவிட்டது. ஆகவே பல நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்கும்போது வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் “கேமரா வேலை செய்யுமா?” என்று கேட்டதற்கு “கண்டிப்பாக” என்று சொல்லிவிட்டு, பிறகு தனி முகவரிக்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள்.

11-ஆம் மாதம் விலகுவது என்று முடிவெடுத்தேன். புது இணைப்புக்கான எண் இரண்டாவது மணியில் எடுக்கப்படும். விலகுவதற்கான எண்ணில் 40 நிமிடம் இசை கேட்டேன். எடுத்தவர், இனி நன்றாகிவிடும், ஒரு மாதம் இலவசம் என்று பேரம் பேசினார். மறுத்ததும் கணக்கு மாறியது. 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். தொலைபேசியில் சொன்னது செல்லாது, எழுத்தில் வேண்டும். ஒப்பந்தக் காலம் முடியாததால் ‘இலவச’ மோடத்தின் விலையை டெபாசிட்டில் கழித்துக்கொள்வார்கள். மோடத்தைத் திருப்பியும் கொடுக்க வேண்டும். விலை வாங்கிக்கொண்டு பொருளையும் கேட்பது என்ன நியாயம் என்று கேட்டேன். “கொள்கை சார்” என்றார். கூடுதலாகத் தருவதாகச் சொன்ன இரண்டு மாதம் 12 மாதம் முடித்தவர்களுக்கு மட்டுமாம். மீதிப் பணம் திரும்பாது. மொத்தமாகக் கட்டும்போதே தும்பை விட்டுவிட்டேன். இப்போது வாலைப் பிடித்து என்ன பயன்?

இரண்டாவது முறை வேறு மாதிரி போனேன். விளம்பரத் தாள்களைப் பார்க்கவே இல்லை. அதே கட்டடத்தில் வேறு வேறு நிறுவன இணைப்பு வைத்திருந்த மூன்று வீட்டுக்காரர்களிடம் இரவு 9.30-க்கு அவரவர் கைப்பேசியில் அளந்து காட்டச் சொன்னேன். ஒருவர் சற்று விசித்திரமாகத்தான் பார்த்தார். அந்த மூன்று எண்கள் எந்த விற்பனைப் பிரதிநிதியும் தராத தகவல். பிறகு, உண்மையிலேயே கண்ணாடி இழையை வீட்டுக்குள் கொண்டுவரும் நிறுவனங்களை அழைத்து, குறைந்தபட்ச வேகம், பதிவேற்ற வேகம், எத்தனை ஜிகாபைட்டுக்குப் பிறகு எவ்வளவாகக் குறைப்பார்கள், விலகினால் எதைக் கழிப்பார்கள் என்பதை எல்லாம் மின்னஞ்சலில் எழுதித் தரச் சொன்னேன். ஒரு நிறுவனம் பதிலே போடவில்லை. அதுவும் ஒரு பதில்தான். இன்னொன்று போட்டது. ஃபைபரிலும் பங்கீடு உண்டு. பரவலாக உள்ள ஜிபான் என்ற ஃபைபர் முறையில் சுமார் 2.5 ஜிகாபிட்டை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்பது வழக்கம். ஆனாலும் இரவு 9.30-க்கு இப்போது 88 வருகிறது. மாதா மாதம்தான் கட்டுகிறேன். வருடச் சலுகை கிடையாது, வேண்டவும் வேண்டாம்.

பழைய கதை இன்னும் முடியவில்லை. இணைப்பைத் துண்டிக்க வந்தவர் மோடத்தை எடுத்துக்கொண்டு போனார். நான் ரசீது கேட்கவில்லை. இத்தனை பட்ட பிறகும் கேட்கவில்லை. ஆறு வாரம் கழித்து ‘திரும்ப ஒப்படைக்கப்படாத கருவி’ என்று என் அட்டையிலிருந்து பணம் எடுத்தார்கள். டெபாசிட்டில் கழித்த அதே மோடத்துக்கு இரண்டாவது முறை! தானியங்கிக் கட்டணத்தை வங்கியில் நிறுத்தி வைக்கவும் நான் மறந்திருந்தேன். நல்லவேளையாக, முன்பு விளக்குகள் எரியவில்லை என்று புகார் கொடுத்தபோது மோடத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். அதன் அடியிலிருந்த வரிசை எண் படத்தில் தெளிவாக விழுந்திருந்தது. அந்த எண்ணைக் கொடுத்துத் தேடச் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்த ஊழியர் சொன்னார்: “சார், இந்த மோடம் இப்போது வேறொரு வாடிக்கையாளர் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.”

பணத்தைத் திருப்பித் தர 21 வேலை நாள் ஆகும் என்றார்கள். இன்று 34-ஆவது வேலை நாள். வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.