அந்தமானில் பெரும்பாரைத் தூண்டில்: ஒரு முழுநாள் படகுச் சேவை

ஹேவ்லாக் என்று இன்றும் பலர் அழைக்கும் ஸ்வராஜ் தீவிலிருந்து விடியற்காலையில் புறப்படும் இந்தப் படகுச் சேவையை நாடுவோர் முதலில் அறிய வேண்டியது, இது மீன் பிடித்து வந்து குழம்பு வைப்பதற்கான பயணம் அன்று என்பதே. பிடிபடும் பெரும்பாரை (Giant Trevally) மீனை எடை மதிப்பிட்டு, படம் எடுத்து, உடனே கடலில் விட்டுவிடுகிறார்கள். 2006-இல் ஜப்பானில் தூண்டிலில் சிக்கி உலகச் சாதனையான பெரும்பாரை 72.8 கிலோ என்பதை நினைத்தால், கருவிகள் ஏன் இவ்வளவு கனமானவை என்பது விளங்கும்.

பாறைத்திட்டில் அலை உடையும் இடத்தருகே படகை நிறுத்தி, பாப்பர் எனப்படும், மரத்தாலான போலி இரையை வீசி, கோலைச் சுண்டிச் சுண்டி இழுக்க வேண்டும். அதன் குழிந்த முகம் நீரை அறையும் ஓசைக்கு மேலெழுந்து கவ்வும் மீன், அடுத்த நொடியே பாறையிடுக்கை நோக்கிப் பாய்வதால், நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலின் பிடிப்பை முன்கூட்டியே இறுக்கிவிடுகிறார்கள். வழிகாட்டி அடிக்கடி முடிச்சை நகத்தால் வருடிப் பார்த்து, சிறு உரசல் தென்பட்டாலும் தூண்டில் நரம்பை மாற்றினார். கட்டணத்தில் பெரும்பங்கு இந்தக் கவனத்துக்கே தகும். படகில் நிழல் போதாது, மதிய உணவு சுமார்தான். தோள்வலி உள்ளவர்களுக்கு இது ஏற்றதன்று. கடல் சீற்றத்தால் பயணம் நின்றால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாக அவர்கள் சொன்ன பதில் தெளிவாக இல்லை.