பெரியம்மை மீண்டும் வந்தால் எந்தத் தடுப்பூசி: ஏகேம்2000-ஆ, ஜின்னியோஸா?

பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980-ல். கிருமியோ அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் தலா ஓர் ஆய்வகத்தில் இன்றும் இருக்கிறது. அது ஆயுதமாகிவிடுமோ என்ற அச்சத்தில் அமெரிக்கா தன் தேசிய மருந்துக் கையிருப்பில் அனுமதி பெற்ற இரண்டு தடுப்பூசிகளைச் சேர்த்து வைத்திருக்கிறது.

2007-ல் அனுமதி பெற்ற ஏகேம்2000, உடலுக்குள் பெருகும் உயிருள்ள வைரஸ் (பெரியம்மைக் கிருமியே அல்ல, அதன் உறவான வாக்சினியா). நம் பாட்டிமார் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்குமே, ஏறக்குறைய அதே முறைதான்: இரட்டை முனை ஊசியை மருந்தில் தோய்த்து, மேல்கையில் ஒரே இடத்தில் 15 குத்து. கொப்புளம் எழும்பி, பொருக்குத் தட்டும். பொருக்கு உதிரும்வரை அந்த இடத்தைத் தொட்ட கையோடு குழந்தையைத் தூக்கினால் குழந்தைக்கும் வைரஸ் தொற்றலாம். ஒரே தவணை, ஒரு குப்பியில் 100 பேருக்கு மருந்து. நோய் பரவும் நேரத்தில் இது பெரிய பலம். ஆனால் சோதனைகளில், முதன்முறை போட்டுக்கொண்ட 1,000 பேரில் ஏறத்தாழ 6 பேருக்கு இதயத் தசையிலோ இதய உறையிலோ அழற்சி வந்தது. கர்ப்பிணிகள், எக்ஸிமா என்ற தோல் அழற்சி உள்ளவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் ஆபத்து.

2019-ல் அனுமதி பெற்ற ஜின்னியோஸில் இருக்கும் வைரஸ் மனித உடலில் பெருகாது. பொருக்கும் இல்லை, அடுத்தவருக்குத் தொற்றும் பயமும் இல்லை. ஆனால் 28 நாள் இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும்.

உண்மையான பரீட்சை 2022-ல் எம்பாக்ஸ் வடிவில் வந்தது. குரங்கம்மை என்று அழைக்கப்பட்ட இந்த நோயின் கிருமி பெரியம்மைக் கிருமியின் உறவு என்பதால், அதே தடுப்பூசிகள் இதற்கும் உதவும். ஏகேம்2000 பல கோடி டோஸ் கிடங்கில் இருந்தும், பக்கவிளைவுக்குப் பயந்து ஜின்னியோஸையே நம்பினார்கள். அதுவோ போதவில்லை. முன்பு வாங்கிய கோடிக்கணக்கான டோஸ் காலாவதியாகியிருந்தன. கிளினிக் வாசலில் வரிசை நீண்டது. ஆகஸ்டில், 0.5 மில்லிக்குப் பதில் 0.1 மில்லியைத் தோலுக்குள்ளேயே செலுத்தி, ஒரு குப்பியை 5 பேருக்குவரை பகிர அவசர அனுமதி தந்தார்கள். தேவைப்பட்டது கையில் இல்லை, இருந்ததைப் போடத் துணிவில்லை. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

என் தேர்வு ஜின்னியோஸ். பெரியம்மை நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவரை 28 நாள் பொறுத்திருக்கச் சொல்ல முடியாது என்பதால் ஏகேம்2000-ஐயும் கைவிடக் கூடாது. உறையவைத்தே பாதுகாக்க வேண்டிய திரவ வடிவ ஜின்னியோஸை மட்டும் இனியும் வாங்கிக் குவிப்பது வீண். நெடுநாள் தாங்கும் உலர்தூள் வடிவத்துக்கு 2025 மார்ச்சில் அனுமதி கிடைத்துவிட்டது. கிடங்கை அதைக் கொண்டு நிரப்ப வேண்டும், அதுவும் அடுத்த தொற்று வருமுன்.