இலையைப் படம் எடுப்பதா, சாடியைக் கவிழ்ப்பதா?

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த தொடர்மாடி, ஐந்தாம் மாடி. வரவேற்பறையில் நின்ற பீஸ் லில்லி ஒரு வெள்ளிக்கிழமை தலையைத் தொங்கப் போட்டது. போனில் இருக்கும், செடி நோய் கண்டுபிடிக்கும் செயலிக்குப் படம் எடுத்துக் காட்டினேன். தண்ணீர் போதாது என்றது. தாராளமாக விட்டேன். ஞாயிற்றுக்கிழமை இன்னும் கீழே தொங்கியது. இடம் மாற்றலாம் என்று சாடியைத் தூக்கியபோதுதான் அது ஈயக் குண்டு போலக் கனத்தது. கவிழ்த்தேன். சேற்று நாற்றம். ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரிக் கழன்று கையோடு வந்தது. உள்ளே நூல் போல ஒரு நரம்பு மட்டும் மிச்சம். வேரழுகல்.

செயலியைத் திட்டிப் பயனில்லை. தண்ணீர் கிடைக்காத செடியும் தொங்கும், வேர் அழுகித் தண்ணீர் குடிக்க முடியாமல் போன செடியும் தொங்கும். இலையை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க ஒருவராலும் முடியாது. அன்றிலிருந்து வீட்டுச் செடிக்கு நோய் பார்க்க எனக்குத் தெரிந்த எல்லா வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்து வருகிறேன். செயலி, கன்று விற்கிறவர், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் வில்லை, மஞ்சள் ஒட்டு அட்டை, விவசாயத் திணைக்களம். எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண் கொடுக்க முடியாது, கொடுக்கப் போவதுமில்லை.

முதலில் செயலி. இலவசம், இரவு பதினொரு மணிக்கும் பதில் சொல்லும். செடியின் பெயர் தெரியாவிட்டால் அதைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நோய் என்று வரும்போதுதான் சிக்கல். 2016இல் வெளிவந்த ஒரு பிரபல ஆய்வில் 14 பயிர்கள், 26 நோய்கள், ஐம்பத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட இலைப் படங்களைக் கொடுத்துக் கணினியைப் பழக்கினார்கள். அதே தொகுப்பில் ஒதுக்கி வைத்த படங்களில் 99.35 சதவீதம் சரி. வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியதும் அது 31 சதவீதத்துக்குச் சற்று மேலே வந்து நின்றது. பழக்கிய படங்களில் இலைகள் பறித்து, வெறும் பின்னணியில் வைத்து எடுக்கப்பட்டிருந்தன. இன்றைய செயலிகள் அதைவிட வளர்ந்துவிட்டன, சரி. ஆனாலும் என் வரவேற்பறையில் டியூப் லைட் வெளிச்சம், பின்னால் திரைச்சீலை, இலையில் தூசி. அந்தப் படத்துக்கு அது சொல்வதை ஒரு ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

இதற்கு எங்கள் பல்கனி ரப்பர் செடி நல்ல உதாரணம். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் இலை ஓரங்கள் கருகின. பூஞ்சை இலைப்புள்ளி, செம்பு கலந்த மருந்து அடிக்கவும் என்றது செயலி. எனக்கு உறுத்தியது ஒன்று: கருகிய இலைகள் எல்லாம் கடல் பக்கம். பூஞ்சைக்குத் திசை தெரியுமா? சாடியை அரை வட்டம் திருப்பி வைத்தேன். இரண்டு கிழமையில் அதுவரை நல்லாயிருந்த பக்கம் கருகத் தொடங்கியது. மருந்தே அடிக்காத செடி என்பதால் தைரியமாக இலையை விரலால் துடைத்து நாக்கில் வைத்தேன். உப்பு. பல்கனிக் கண்ணாடியில் படிவதே இலையிலும் படிந்திருக்கிறது. அதற்கு மருந்து, வாரத்தில் ஒருநாள் நல்ல தண்ணீரில் இலையைக் கழுவுவதுதான்.

அடுத்து கன்று விற்கிறவர். பத்தரமுல்லை, தலவத்துகொடைப் பக்கம் வீதியோரமாக இருக்கும் கன்றுக் கடைகளை எல்லாரும் அறிவோம். அவருக்குத் தெரிந்தது செயலிக்குத் தெரியாது: இந்தச் செடி உங்கள் வீட்டுக்கு வரமுன் எப்படி வாழ்ந்தது என்று. நிழல்வலைக்குக் கீழே, ஈரக்காற்றில், தும்புச்சோற்றில் வளர்ந்ததை ஏசி அறைக்குள் கொண்டுபோய் வைத்தால் முதல் மாதம் இலை கொட்டும். அது நோயல்ல, வீடு மாறிய சோகம். இதை அவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார், அதுவும் காசு வாங்காமல். பலவீனம் அடுத்த நிமிடத்தில் வரும். ஒருமுறை ஒருவர் எனக்கு வெள்ளைத்தூள் ஒரு பையில் கட்டித் தந்தார். பெயர் இல்லை, அளவு இல்லை, "ஒரு கரண்டி போடுங்க மிஸ், எல்லாம் போகும்" என்ற உத்தரவாதம் மட்டும். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது; பதிவு இல்லாமல், லேபல் இல்லாமல் பீடைநாசினி விற்கக்கூடாது. பிள்ளைகள் தவழும் அறைக்குள் பெயர் தெரியாத தூளைத் தூவ எனக்குத் துணிவில்லை. அவரிடம் கேள்வி கேளுங்கள், பையை வாங்காதீர்கள்.

இப்போது என் கட்சி: வில்லை. செட்டியார் தெருவில் நகை பார்ப்பவர்கள் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்ப்பார்களே, அந்தப் பத்து மடங்கு வில்லைதான். விலை ஒன்றும் பெரிதில்லை, மின்கலமும் தேவையில்லை. பிடிக்கும் முறையில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். வில்லையைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு இலையைத்தான் கிட்டக் கொண்டு வர வேண்டும். அப்புறம், இலையின் மேற்பக்கத்தைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பெரும்பாலான கூத்து அடிப்பக்கத்தில் நடக்கிறது.

ஏசி ஓடும் அறையில் காற்று காய்ந்திருக்கும். சிற்றுண்ணிக்கு அது கொண்டாட்டம். அரை மில்லிமீட்டர் நீளம், எட்டுக் கால். சூடும் சரியாக அமைந்தால் முட்டையிலிருந்து ஒரு கிழமைக்குள் வளர்ந்துவிடும். இலையில் ஊசியால் குத்தின மாதிரி வெளிர்ப் புள்ளிகள் தெரியும்போதே வெள்ளைத் தாள் ஒன்றைக் கீழே பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூளை அரை நிமிடம் பாருங்கள். தூசி நடக்காது. பனிப்பூச்சி (திரிப்ஸ்) என்றால் வெள்ளி பூசினது போலத் திட்டும், அதன்மேல் கறுப்புப் பொட்டு எச்சமும் இருக்கும். வெண்மூட்டுப்பூச்சிக்கு வில்லைகூட வேண்டாம், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சு ஒட்டியிருக்கும். செதில் பூச்சியா, தண்டின் சொந்தப் புடைப்பா என்று சந்தேகம் வந்தால் நகத்தால் கிளறுங்கள். பூச்சி கழன்று வரும். சாடியைச் சுற்றி எறும்பு வரிசை போனால், மேலே ஏதோ ஒன்று தேன் போன்ற கழிவு விடுகிறது என்று அர்த்தம். எறும்பைத் துரத்தாமல் அதன் பின்னால் போங்கள், வழி காட்டும்.

வில்லைக்கும் எல்லை உண்டு. சமையலறை ஜன்னலில் நிற்கும் மிளகாய்ச் செடி அதைக் காட்டித் தந்தது. நுனி இலைகள் சுருண்டன, வில்லையில் ஒன்றுமே தெரியவில்லை. அகன்ற சிற்றுண்ணி என்று ஒன்று இருக்கிறது, கால் மில்லிமீட்டர்கூட வராது, பத்து மடங்கில் லேசில் மாட்டாது. அங்கே பூச்சியை விட்டுவிட்டுச் சுருண்ட திசையைப் பார்க்க வேண்டும். பனிப்பூச்சி கடித்தால் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருளும், சிற்றுண்ணி என்றால் கீழ்நோக்கி, கவிழ்த்த தோணி மாதிரி. வெண்ணீ என்ற குட்டி வெள்ளை ஈ பரப்பும் வைரசாலும் சுருளும். எனது கவிழ்ந்த தோணி.

இந்த மாதிரிச் சந்தேகம் சமையலுக்கு உதவும் செடியில் வந்தால் விவசாயத் திணைக்களம்தான் சரியான இடம். 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். மிளகாய், கறிவேப்பிலை, கத்தரி என்றால் அவர்களை வெல்ல ஆளில்லை. மணிபிளாண்டுக்கு அழைக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்தூரியம் வளர்ப்பவர்கள் கூச்சப்பட வேண்டாம்: இலையில் நீர் கோத்த புள்ளி, சுற்றிவர மஞ்சள் வளையம் என்றால் பாக்டீரியாக் கருகலாக இருக்கலாம். ஒரே கத்தியால் இலை வெட்டினாலே அடுத்த சாடிக்குப் போய்விடும்.

பறக்கும் பூச்சி ஒட்டிக்கொள்ளப் பசை தடவிய மஞ்சள் ஒட்டு அட்டையை இங்கே நிறையப் பேர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் இந்த யோசனைக்கும் இலங்கைக்கும் பழைய உறவு இருக்கிறது. 1869இல் இங்கே கோப்பித் துருநோய் என்ற பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1880இல் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்து, கிளிசரீன் தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் வந்த அந்தப் பூஞ்சையின் வித்திகளைப் பிடித்துக் காட்டினார். நம்முடைய அட்டையும் அதே வேலைதான் செய்கிறது, வித்திக்குப் பதில் பறப்பதைப் பிடிக்கிறது. சாடி மண்ணுக்கு மேலே சுற்றும் குட்டிக் கறுப்பு ஈ, வெண்ணீ, இறக்கை வந்த அழுக்கணவன் பூச்சி எல்லாம் ஒட்டும். சிற்றுண்ணிக்கு இறக்கை கிடையாது, வெண்மூட்டுப்பூச்சியில் பெண்ணுக்கும் கிடையாது. ஆகவே அட்டை சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்க முடியாது. கறுப்பு ஈ நிறைய ஒட்டினால், மண் அளவுக்கு மிஞ்சி ஈரமாக இருக்கிறது என்று வாசித்துக்கொள்ளுங்கள். என் பீஸ் லில்லிக்குப் பக்கத்தில் ஒரு அட்டை தொங்கியிருந்தால், செயலிக்கு முன்பே அது சொல்லியிருக்கும்.

ஆக என் வரிசை: முதலில் சாடியைத் தூக்கிப் பாரம் பார்ப்பேன், சந்தேகம் என்றால் கவிழ்ப்பேன். அடுத்து வில்லை. அதிலும் பிடிபடாவிட்டால் கன்றுக்காரர், பயிர்ச்செடி என்றால் 1920. செயலி கடைசியில்தான், அதுவும் நான் நினைத்ததை அது மறுக்கிறதா என்று பார்க்க.

பீஸ் லில்லியின் அழுகிய வேர்களை வெட்டிவிட்டுச் சின்னச் சாடிக்கு மாற்றினேன். மூன்று இலைகளோடு நிற்கிறது. வில்லைதான் கையில் இல்லை. நாலாம் மாடி அன்ரி அந்தூரியத்துக்கு என்று வாங்கிப்போய் இரண்டு கிழமையாகிறது.